மூன்றாவது மாடியில் முளைப்பாரி

இந்த ஆடியில், சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் பிளாட்டின் ஸ்டோர் ரூமுக்குள் வளர்த்த முளைப்பாரி மிக நன்றாக வந்துவிட்டது. ஐந்து சட்டிகளில் நான்கில் பயிர் ஒன்றேகால் அடிக்கு உயர்ந்து, தண்டு வெள்ளை வெளேரென்று, தலை இளமஞ்சளாக, கத்தரித்துவிட்ட மாதிரி ஒரே மட்டத்தில் நின்றது. ஐந்தாவதில் கம்பு போட்டிருந்தேன். அது அரை அடியைத் தாண்டியதே எனக்குப் போதும். ஊரைவிட்டு வந்து அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு இதைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பலர் உண்டு. அவர்களுக்குப் பயன்படட்டும் என்று, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முளைப்பாரி தெரியாதவர்களுக்காக நாலு வரி. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் மாரியம்மன், காளியம்மன் திருவிழாக்களில் மண்சட்டியில் பயறு விதைத்து, வெயில் படாத அறையில் வைத்து வளர்ப்பார்கள். ராத்திரியில் பெண்கள் கூடிக் கும்மி கொட்டுவார்கள். கடைசி நாள் தலையில் சுமந்துபோய்க் கண்மாயிலோ ஆற்றிலோ கரைப்பார்கள். பயிர் செழித்தால் அந்த வருஷம் மழையும் வெள்ளாமையும் செழிக்கும் என்பது நம்பிக்கை. எனக்கு ஊர் மானாமதுரைப் பக்கம். இங்கே எனக்கு வெள்ளாமை ஏது? ஆனாலும் ஆடி பிறந்தால் விதை அள்ளாமல் கை சும்மா இருப்பதில்லை.

காப்புக் கட்டிய பிறகு பயிர் அழுகினால் மனசு கஷ்டப்படும். அதனால் ஆனி மாதமே வெள்ளோட்டம் பார்த்துக்கொண்டேன். அதில் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பதிவில் பெரும்பகுதி.

முதலில் விதை. பூஜைச் சாமான் கடையில் நவதானியப் பாக்கெட் கிடைக்கிறது. கோதுமை, நெல், துவரை, பாசிப்பயறு, கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு என்று ஒன்பதும் கலந்தே இருக்கும். பூஜைக்கு அது சரி, முளைப்பாரிக்குச் சரிவராது. பாசிப்பயறு மறுநாளே மூக்கை நீட்டிவிடும், நெல் நாலு நாள் எடுத்துக்கொள்ளும், எள் அடியில் போய் மாட்டிக்கொண்டு அழுகும். ஒரே சட்டியில் ஒன்பதையும் போட்டால் மேடும் பள்ளமுமாகத்தான் வரும். பாக்கெட்டில் வருகிற தானியத்துக்கு வயது எவ்வளவு என்பதும் தெரியாது. அதனால் ஒவ்வொரு வகையிலும் 20 விதை எண்ணி, ஈர வெள்ளைத் துணியில் சுருட்டி, இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். பாக்கெட் மொச்சையில் 7 முளைத்தது. மளிகைக் கடைத் தட்டப்பயறில் 16. அம்மா ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்ட வீட்டுத் தட்டப்பயறில் 19. எதைப் போடுவது என்று அப்புறம் யோசிக்க வேலையே இல்லை.

விதைக் கடையில் வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம், ஆனால் இளஞ்சிவப்பாகச் சாயம் பூசின மாதிரி இருக்கும் விதை மருந்து கலந்தது. கையால் அளைய வேண்டியது, கடைசியில் தண்ணீரில் போகப்போவது. அது வேண்டாம்.

சட்டிக்கு, மண்பாண்டம் செய்கிற கொசப்பேட்டைக்குப் போனேன். அங்கே பிள்ளையார் சிலை வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கேட்டதும் உள்ளேயிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார்கள். வாய் 10 அங்குலம், ஆழம் 4 அங்குலம், ஒன்று 90 ரூபாய். தட்டிப் பார்த்து 'டங்'கென்று ஒலிக்கிறதைத்தான் எடுக்க வேண்டும். ஊரில் பானையை உடைத்து அதன் அடிப்பகுதியை எடுத்து அதில் போடுவதும் உண்டு. பிளாஸ்டிக் கூடைகூட இப்போது வந்துவிட்டது. மண்தான் என் விருப்பம். ஈரத்தைத் தானே குடித்து வெளியே விடுவதால் சட்டியின் உடம்பு குளிர்ச்சியாக இருக்கும், கை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

மண்சட்டிக்கு அடியில் ஓட்டை போடுவது பொறுமையான வேலை. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் பழைய கால்மிதிமேல் கவிழ்த்து, துளை வரும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, 6 மி.மீ. கான்கிரீட் பிட்டால் துளைத்தேன். டிரில்லில் இடித்துத் துளைக்கும் ஹேமர் வசதியை அணைத்துவிட வேண்டும். வேகம் குறைவாக, கை அழுத்தாமல், பிட்டின் கனத்திலேயே இறங்கவிட்டால் விரிசல் விழாது. சட்டிக்கு மூன்று துளை. உள்ளே துளைமேல் ஓட்டுச் சில்லு.

சாணம் எங்கள் தெருப் பால்காரர் தொழுவத்திலிருந்து வந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார், "அம்மனுக்குத்தானே" என்றார். அதை மொட்டைமாடியில் நன்றாகக் காயவைத்து, பூரிக்கட்டையால் நொறுக்கி, பழைய மாவுச் சல்லடையில் சலித்துக்கொண்டேன். வைக்கோலும் அவர் கொடுத்ததுதான். அடுக்கு இப்படி: அடியில் கசக்கிய வைக்கோல் ஒரு அங்குலம், அதன்மேல் செம்மண் ஒன்றரை அங்குலம், சாணத்தூள் அரை அங்குலம், அதன்மேல் விதை, விதை மறையும்படி மறுபடி சாணத்தூள்.

விதை அளவில்தான் ரொம்ப நேரம் போனது. அடர்த்தியாக வர வேண்டும் என்று வெள்ளோட்டத்தில் ஒரு சட்டிக்கு 200 கிராம் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் உள்ளே விரலை விட்டால் சுட்டது. நெருக்கத்தில் சூடு கட்டி, நடுவில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்து, புளிச்ச வாடை வந்தது. 100 கிராம் போட்ட சட்டியில் இடைவெளி தெரிந்தது. 120 கிராம் கச்சிதம். இது காய்ந்த எடை. ஊறினால் இரண்டு மடங்காகிவிடும், அதனால் எடைபோட்டுவிட்டுத்தான் ஊறப்போட வேண்டும்.

வெள்ளோட்டத்தில் இன்னொரு விஷயம் நடந்தது. அறையில் சாமிக்கு வைத்த பழுத்த வாழைப்பழச் சீப்பு ஒரு சட்டியை ஒட்டியே இருந்தது. அந்தச் சட்டிப் பயிர் மட்டும் தண்டு தடித்து, குட்டையாக, கோணிக்கொண்டு வளர்ந்தது. பழுக்கிற வாழைப்பழம் எத்திலீன் வாயுவை விடும், இருட்டில் வளரும் முளைக்கு அது பட்டால் இப்படித்தான் ஆகும். 1901-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டிமித்ரி நெல்யுபோவ் என்பவர், ஆய்வகத்தில் இருட்டில் வளர்த்த பட்டாணி முளை, விளக்கு எரிக்கிற வாயுவால் கோணிப்போவதைப் பார்த்துத்தான் எத்திலீனின் வேலையைக் கண்டுபிடித்தார். அதே கோணலை என் வீட்டு ஸ்டோர் ரூமில் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து பழத்தட்டு வாசலுக்கு வெளியே.

அறை நாலுக்கு ஐந்தடி. அரிசி டிரம், இன்வெர்ட்டர், பழைய சூட்கேஸ் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கழுவி, மஞ்சள் தெளித்தோம். வென்டிலேட்டரை அட்டையால் அடைத்தால் காற்று நின்று பூஞ்சை வருகிறது, திறந்துவிட்டால் வெளிச்சம் வருகிறது. கறுப்புக் காடாத்துணியை இரண்டு மடிப்பாக, கொசகொசவென்று சுருக்கம் வைத்துத் தொங்கவிட்டதில் காற்று நுழைந்தது, வெளிச்சம் நின்றது. கதவின் அடி இடுக்கு அரை அங்குலம்தான் இருக்கும். அது வழியாக வந்த அடுப்படி டியூப்லைட் வெளிச்சத்துக்கே முன்வரிசைச் சட்டி முழுக்கக் கதவுப் பக்கம் சாய்ந்துவிட்டது. பழைய ஜமுக்காளத்தைச் சுருட்டி அணை கட்டினேன். சட்டியைக் காலையில் ஒரு கால் சுற்றும் மாலையில் ஒரு கால் சுற்றும் திருப்பி வைத்தேன். அதன்பின் சாயவில்லை.

உள்ளே வேலை பார்க்க வெளிச்சம் வேண்டுமே? கொலுவுக்கு வாங்கி மிச்சமிருந்த பச்சை ஜெலட்டின் தாளை நாலாக மடித்து டார்ச்சில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். பச்சை வெளிச்சத்தைப் பயிர் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

ஊரில் எங்கள் பக்கம் செவ்வாய்க்கிழமை போடுவார்கள். இங்கே எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவது ஞாயிற்றுக்கிழமை. அதிலிருந்து ஒன்பது நாள் பின்னால் எண்ணினால் சனிக்கிழமை வந்தது. அப்பத்தாவிடம் போனில் கேட்டேன். "ஆத்தாளுக்குத் தெரியாத நாளா? மனசோட போடு ஆத்தா" என்றது. அப்புறம் என்ன தயக்கம்.

வெள்ளிக்கிழமை காலையில் தட்டப்பயறை எட்டு மணி நேரமும், பாசிப்பயறை ஆறு மணி நேரமும், கம்பை நாலு மணி நேரமும் ஊறவைத்து, வடித்து, தனித்தனித் துணியில் முடிந்து தொங்கவிட்டேன். சனிக்கிழமை விடியலில் அவிழ்த்தபோது வெள்ளை மூக்கு எட்டிப் பார்த்தது. உடைந்ததையும் தண்ணீரில் மிதந்ததையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். அழுகல் எப்போதும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. குளித்து ஈரத்தலையோடு முத்துப் பரப்பினேன். விதையை நாங்கள் முத்து என்றுதான் சொல்வோம். அத்தை கற்பூரம் காட்டினார்கள். அவர்களுக்குப் பூர்வீகம் காஞ்சிபுரம் பக்கம், முளைப்பாரி பழக்கமில்லை. ஆனாலும் சட்டிகளுக்குக் குங்குமம் வைத்ததும் வேப்பிலை கட்டியதும் அவர்கள்தான்.

தண்ணீர் விஷயத்தில் சென்னை வேறு, மானாமதுரை வேறு. அங்கே ஆடிக்காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும், ஒரு நாளைக்கு மூன்று வேளைகூடத் தெளிப்பார்கள். இங்கே ஸ்டோர் ரூமில் வைத்த வெப்பமானி 31 டிகிரியும் ஈரப்பதம் 80-க்கு மேலும் காட்டியது. சாயங்காலம் இடி மழை பெய்த நாட்களில் இன்னும் கூடுதல். அதனால் காலையும் மாலையும் ஒரு சட்டிக்கு ஒரு டம்ளர், அதுவும் ஊற்றாமல் வேப்பிலைக் கொத்தால் தெளிப்பு. மழை பெய்த அன்று மாலை அரை டம்ளர். எங்கள் போர் தண்ணீர் உப்பு என்பதால் மெட்ரோ தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஒரு ராத்திரி வைத்திருந்து, சிட்டிகை மஞ்சள் போட்டுத் தெளித்தேன்.

முளைப்பாரியை வளர்க்கிறவர் தவிர யாரும் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். இந்தக் கட்டுப்பாட்டுக்கெல்லாம் ஒரு அறிவியல் காரணத்தை ஒட்டவைப்பது எனக்குப் பிடிக்காது. விரதம் விரதம்தான். ஆனால் பிள்ளைகளுக்குத் தாங்கவில்லை. என் மகளும் எதிர்வீட்டுப் பையனும் கதவில் காதை வைத்து, "வளர்ற சத்தம் கேக்குதா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். அவர்களுக்காக ஒரு வழி செய்தேன். தினமும் மாலையில் உள்ளே போகும்போது தட்டப்பயறின் உயரத்துக்கு ஒரு மஞ்சள் நூலை அளந்து வெட்டி, வெளியே கதவுக் கைப்பிடியில் கட்டிவிடுவேன். மூன்றாம் நாள் நூல் விரல் நீளம். ஐந்தாம் நாள் ஒரு சாண். ஆறாம் நாள் நூலைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுப் பையன் மாடி முழுக்க ஓடிச் சொல்லிவிட்டான். மறுநாள் எவ்வளவு இருக்கும் என்று பந்தயம் ஆரம்பமானது, ஜெயித்தவருக்குக் கடலைமிட்டாய். கீழ்வீட்டு அக்கா, இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் ஐடி வேலைப் பெண்கள், வாட்ச்மேன் அண்ணன் எல்லோரும் அதில் சேர்ந்துவிட்டார்கள். பயிரை யாரும் பார்க்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் அதன் உயரம் தெரிந்திருந்தது.

கும்மிக்கு ஹால். நடுவில் விளக்கும் சொம்பும் வைத்து, மாலை ஏழரையிலிருந்து எட்டேகால் வரை. அதற்கு மேல் கீழே படிக்கிற பிள்ளைகளுக்குத் தொந்தரவு. முதல் ராத்திரி நான், அத்தை, மகள் மட்டும். ஊர்ப்பாட்டில் எனக்குப் பாதி அடிகள்தான் ஞாபகம், மீதியை அப்பத்தா ஸ்பீக்கர் போனில் எடுத்துக் கொடுத்தது. நெட்வொர்க் அரை நொடி பிந்தி வருவதால், அப்பத்தா பாடி முடித்ததும் நாங்கள் திருப்பிப் பாடுவது என்று வைத்துக்கொண்டோம். கும்மிக்கு அது இயல்பாகவே பொருந்தியது. கீழ்வீட்டு அக்காவுக்குத் திருவண்ணாமலைப் பக்கம். அவர் தாளம் வேறு, சுற்றுகிற திசையும் வேறு. இரண்டு ராத்திரி முட்டி மோதிச் சிரித்த பிறகு, பாதி நேரம் அவர் அடவு, பாதி நேரம் எங்கள் அடவு என்றானது. ஆபீஸ் முடிந்து லேப்டாப் பையோடு வந்த ஐடி பெண்கள் பையைச் செருப்பு ஸ்டாண்டில் மாட்டிவிட்டு நேராக வட்டத்துக்குள் நுழைந்துவிடுவார்கள். சாமி காரியம் என்றால் முகத்தை இறுக்கிக்கொள்ள வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. முளைப்பாரியில் எனக்குத் தெரிந்து எந்த ஊரிலும் அப்படி இருந்ததில்லை. விரதம் பகலுக்கு, சிரிப்பு ராத்திரிக்கு. இரண்டும் சேர்ந்ததுதான் வழிபாடு.

இதே நாட்களில் டப்ளினில் இருக்கும் என் தங்கை வீடியோ காலில் வந்தாள். அவளுடைய பக்கத்து வீட்டுப் பெண்மணி, இயற்கையையும் பழைய தெய்வங்களையும் கும்பிடுகிற பாகன் வழியைப் பின்பற்றுகிறவர். அவர்களுக்கு வருஷத்தில் எட்டுப் பருவப் பண்டிகைகள், ஆகஸ்ட் 1 அன்று லூனசா, முதல் அறுவடைக்கானது. அயர்லாந்தில் ஜூலைக் கடைசி ஞாயிறு குன்றேறிக் கருநீலப் பழம் பறிக்கிற பழைய வழக்கமும் இந்தப் பருவத்தை ஒட்டியதுதான். அந்த அம்மா வீட்டிலேயே கதிர் பின்னல் வடிவத்தில் ரொட்டி சுட்டு, முதல் துண்டைத் தோட்டத்து மண்ணுக்கு வைத்துவிட்டு, மிச்சத்தைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாராம். நான் நூல் கட்டின கைப்பிடியைக் காட்டினேன். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்து, அடுத்த வருஷம் தானும் அப்படிச் செய்யப்போவதாகச் சொன்னார். ஈரானில் நவ்ரோஸ் என்கிற புத்தாண்டுக்குக் கோதுமையோ பயறோ தட்டில் முளைக்கவைத்து, பதின்மூன்றாம் நாள் ஓடும் தண்ணீரில் விடுகிறார்கள். பழைய ஏதென்ஸில் பெண்கள் கோடையில் சட்டிகளில் கீரை விதைத்துக் கூரைமேல் வளர்த்து, கிரேக்கப் புராணத்தில் இளவயதில் இறந்துபோகும் அடோனிஸுக்காக அழுது தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். அவர்கள் வளர்த்தது வெயிலில், நாம் வளர்ப்பது இருட்டில். எல்லாம் கடைசியில் தண்ணீருக்குத்தான் போகிறது.

ஒன்பதாம் நாள் காலை கதவைத் திறந்தபோது பிள்ளைகள்தான் முதலில் நின்றார்கள். இரண்டு மணி நேரம் ஜன்னலோரம் வைத்ததில் மஞ்சளில் லேசாகப் பச்சை ஏறியது. இருட்டில் வளர்ந்த தண்டுக்குப் பலம் இருக்காது, காற்று அடித்தால் மொத்தமாகப் படுத்துவிடும். அதனால் ஊறவைத்த வாழைநாரால் பயிரின் மூன்றில் ஒரு பங்கு உயரத்திலும், மூன்றில் இரண்டு பங்கு உயரத்திலும் தளர்வாகச் சுற்றிக் கட்டினேன். மேலே ஒரு சரம் மல்லிகை. தலையில் வைத்தால் லிஃப்டுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. படியில் இறங்கினோம். சும்மாடு மட்டும் அத்தை புதுத் துண்டில் சுற்றிக் கொடுத்தார்கள். கோயிலில் கூழுக்கு நின்றிருந்த வரிசையே ஒதுங்கி வழிவிட்டது. பூசாரி ஒவ்வொரு சட்டிக்கும் திருநீறு போட்டார்.

சாயங்காலம் திருவான்மியூர் கடற்கரை. ஆட்டோவில் சட்டியை மடியில் வைத்து, பயிரை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு போனோம். கரைத்தது பயிரையும் மண்ணையும் மட்டும். நூல், பூச்சரத்தின் நார் எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிட்டோம், சட்டிகளைக் கழுவித் திருப்பிக் கொண்டுவந்தோம். ஒரு சட்டிப் பயிரை மட்டும் கரைக்காமல் பால்காரரின் மாட்டுக்குக் கொடுத்தேன். சாணம் தந்த மாடு அது.

செலவு: சட்டி 450, பஸ் பார்சல் 150, கம்பும் பாசிப்பயறும் 80, காடாத்துணி 240, வெப்பமானி 260, வாழைநாரும் பூவும் 180, கடலைமிட்டாய் 120, ஆட்டோ 400. ஆக 1880 ரூபாய். சட்டி, துணி, வெப்பமானி மூன்றும் அடுத்த முறைக்கும் ஆகும். அப்போது 930 ரூபாய்க்குள் முடியும்.

பங்குனியில் மறுபடி போடப்போகிறேன். கம்பு வேண்டாம், அந்தச் சட்டியில் மொச்சை. தரையில் வைத்ததால் குனிந்து குனிந்து இடுப்பு வலித்தது, இரண்டடி உயரத்தில் பலகை போட வேண்டும். வைக்கோல் ஒரு அங்குலம் பத்தவில்லை, ஒன்றரை வைத்தால் மழை நாளிலும் தண்ணீர் வடிந்துவிடும். ஐடி பெண்கள் இருவரும் தங்களுக்கும் ஆளுக்கொரு சட்டி வேண்டும் என்று சொல்லிவிட்டதால், அம்மாவிடம் இரண்டு கிலோ தட்டப்பயறை வண்டு விழாமல் செம்மண் பூசி எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.